காரைக்குடிப் பயிற்சிக் கூடத்துக்கு மூடிலும் போஸ்ட்கிரெஸும்: ஒரு மதிப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் தையல், டேலி, போட்டித் தேர்வு என்று வகுப்பு எடுப்பவர்கள் பாடத்தை இணையத்தில் ஏற்ற முனைந்ததும் கேட்பது, "எந்த மொழியில் எழுதச் சொல்லலாம்?" என்பதுதான். புதிதாக எழுதவே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட மூடில் என்னும் இணையவழிக் கற்றல் மென்பொருள், அதற்கு அடியில் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம். இருநூறு முந்நூறு பேர் படிக்கும் கூடத்துக்கு இந்த இணை போதும். ஆனால் தமிழில் பாடம் நடத்தும்போது சில இடங்களில் இடறும். நிறுவும் அன்றே அவற்றைச் சரிசெய்யாவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

மூடில் 2002இல் வெளிவந்தது, இலவசம். இப்போது எடுப்பதானால் நீண்டகால ஆதரவுள்ள 4.5 நல்ல தேர்வு. அதற்குப் பிஎச்பி 8.1க்குக் குறையக் கூடாது. போஸ்ட்கிரெஸ் என்றால் குறைந்தது 13, அதற்கு மாற்றான மரியாடிபி தரவுத்தளம் என்றால் குறைந்தது 10.6.7 வேண்டும். பலர் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபிதான் தருவார்கள். அதனால் தனி விபிஎஸ் (நமக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுப்பதே மேல். பிஎச்பி அமைப்பில் உள்ளீட்டு மாறிகளின் உச்சவரம்பு வழக்கமாக 1000 என்று இருக்கும், அதை 5000 ஆக்கினால்தான் நிறுவல் நகரும். பதிவேற்றும் கோப்புகள் சேரும் மூடில்டேட்டா அடைவை இணையத்தில் திறக்கும் அடைவுக்கு வெளியே வையுங்கள். பின்னணி வேலைகளைத் தானாகச் செய்யும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். அது நின்றால் தளம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் மின்னஞ்சல் போகாது, பாடம் முடித்தவர் பெயரில் 'முடித்தார்' என்று விழாது.

தரவுத்தளத்தில் போஸ்ட்கிரெஸை முன்னே வைப்பதற்கு முதற்காரணம் அகர வரிசை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தமிழ் மெய்கள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. அங்கே னகரம் பகரத்துக்கு முன்னால், றகரம் ழகரத்துக்கு முன்னால். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் தரவுத்தளம் வருகைப் பட்டியலை அன்னம், அபிராமி, அறிவழகன், அழகம்மை என்று தரும். சரியான வரிசை அபிராமி, அழகம்மை, அறிவழகன், அன்னம். போஸ்ட்கிரெஸ் 15 முதல் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் ஐசியு வழங்கியையும் தமிழ் மொழிக் குறியையும் இயல்பாகக் கொடுக்கலாம். டெம்ப்ளேட்0 என்ற மாதிரித் தரவுத்தளத்தை மூலமாகக் காட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தரவு சேர்ந்த பிறகு இதை மாற்ற முடியாது. டம்ப் (முழு நகல்) எடுத்துப் புதிய தரவுத்தளத்தில் இறக்குவதுதான் வழி. இன்னொன்று, தமிழ்ச் சொற்களின் விகுதி களைந்து தேடும் வசதி போஸ்ட்கிரெஸில் 12 முதல் உள்ளேயே இருக்கிறது. மூடிலின் தேடல் இதைத் தானாகப் பயன்படுத்தாது. சொந்தமாக ஒரு தேடல் பக்கம் எழுதுவோருக்குக் கைகொடுக்கும்.

மரியாடிபிதான் கிடைக்கிறது என்றால் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்8எம்பி4 என்றே வையுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்பது அங்கே எழுத்துக்கு மூன்று பைட்டோடு நின்றுவிடும். அன்றாடத் தமிழ் அந்த மூன்றில் அடங்கும், அதனால்தான் பிழை மாதக்கணக்கில் தெரியாது. ஒருவர் விடையில் ஓர் இமோஜியைப் போட்டதும் சேமிப்பு பிழையடிக்கும், அல்லது அந்த இடத்தோடு விடை வெட்டுப்படும். செட்டிநாட்டுக்கு இதில் இன்னொரு பொருத்தம் உண்டு. பழைய கணக்கேடுகளில் வரும் முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் நான்கு பைட். ஏடு படிக்கக் கற்றுத்தரும் பாடம் வைப்பவர்களுக்கு வெறும் யூடிஎஃப்8 உதவவே உதவாது.

அடுத்தது பெயர். மூடில் முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் கட்டாயம் கேட்கும். நம் ஊரில் குடும்பப்பெயர் ஏது? 'ராம.', 'சுப.', 'பழ.', 'சொ.' என்று விலாசம் எனப்படும் தலைப்பெழுத்துதான் முன்னால் நிற்கும். விலாசத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் ஆளின் பெயரை முதற்பெயரிலும் இட்டு, முழுப்பெயர் காட்டும் அமைப்பில் குடும்பப்பெயரை முன்னுக்கு மாற்றுங்கள். வரிசைப்படுத்துவது முதற்பெயரால் நடக்கட்டும், இல்லையேல் ஒரே விலாசத்துக்காரர்கள் கூட்டமாக ஓரிடத்தில் நிற்பார்கள்.

'சொ.' வேறொரு வகையிலும் படுத்தும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இது அடிக்கடி நிகழும், 'சொ.' என்று தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பதிவேற்றும் முன் எல்லாவற்றையும் ஒரே குறியாக எழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட்டேட்டா தொகுதி, பிஎச்பியில் இன்டில் நீட்சி, போஸ்ட்கிரெஸிலேயே 13 முதல் அதற்கான செயற்கூறு இருக்கின்றன. எக்செல்லில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையையே தேர்ந்தெடுங்கள்.

சொந்தமாகத் துணைநிரல் எழுதுவோர் நீளம் எண்ணும் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'காரைக்குடி' நமக்கு ஐந்து எழுத்து. பிஎச்பியின் சாதாரண நீளச் செயற்கூறு பைட்டை எண்ணி அதை 30 என்னும், மல்டிபைட் வகை யூனிகோட் குறிகளை எண்ணி 10 என்னும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் கிராஃபீம் வகை மட்டுமே 5 என்னும். முதலாவதைக் கொண்டு தலைப்பை வெட்டினால் நடு எழுத்து சிதைந்து கேள்விக்குறியாக நிற்கும்.

தேர்வு நேரத்துக்கு ஒரு கணக்கு. 2 ஜிபி நினைவகத்தில் இயங்குதளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் 800 எம்பி விடுங்கள். மிச்சத்தில் ஒரு பிஎச்பி செயல்முறைக்கு 80 எம்பி என்று வைத்தால் ஒரே நேரத்தில் பதினைந்து ஓடும். ஐம்பது பேர் பத்து மணிக்கு ஒன்றாகத் தொடங்கினால் வரிசை நிற்கும். 4 ஜிபிக்குப் போங்கள், அல்லது இரண்டு பிரிவாகத் தொடங்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி வைப்பதைவிடப் பத்துக் கேள்வி வைத்தால் சர்வருக்குப் போகும் கோரிக்கைகள் வெகுவாகக் குறையும். காணொளிகளை மூடிலுக்குள் ஏற்றாமல் வெளியே வைத்து இணைப்பு மட்டும் தாருங்கள்.

கட்டண ரசீது, தொகுதி மாற்றம், ஆத்தங்குடிக் கல் பட்டறையில் செய்முறை நாள் ஒதுக்கீடு என்று மூடிலில் இல்லாத வேலைகள் மிகுந்தால் பைத்தானும் அதில் வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோ என்ற சட்டகமும் நல்ல தேர்வு. அதன் நிர்வாகப் பக்கம் ஒன்றே பாதி வேலையை முடித்துத் தரும். ஆனால் அதோடு வரும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்திலேயே நின்றுவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர் ஐந்து விநாடி காத்திருந்து 'பூட்டப்பட்டுள்ளது' என்ற பிழையைப் பார்ப்பார். பணத் தொகையையும் ஜாங்கோ அதில் துல்லியம் பிசகக்கூடிய மிதவை எண்ணாகவே சேமிக்கும். அட்டவணை இல்லாமல் ஆவணங்களாகச் சேமிக்கும் மாங்கோடிபி இங்கே தேவையில்லை. ஆள், பாடம், மதிப்பெண் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்த அட்டவணைகள்.

மூடிலில் எங்களுக்குப் பெரிய குறையாகப் படுவது சான்றிதழ். பிடிஎஃப் செய்ய அது நம்பியிருக்கும் டிசிபிடிஎஃப் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிக்காது. 'தேவகோட்டை' என்று அச்சிட்டால் தே, கோ, டை மூன்றிலும் கொம்பு இடம் மாறி விழும். எழுத்துருவை மாற்றினாலும் தீராது. முடித்தவர் பட்டியலைச் சிஎஸ்வியாக இறக்கி, பிஎச்பி அறிந்தவர் எம்பிடிஎஃபிலும் பைத்தான் அறிந்தவர் வீஸிபிரிண்டிலும் சான்றிதழைத் தனியே செய்வதுதான் இப்போதைக்கு வழி. வார்ப்புரு ஒருமுறை அமைந்துவிட்டால் ஐம்பது சான்றிதழும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்.