கம்ப்ரசரை மாற்றச் சொன்னார்கள்: ஏர் பிரேக் மோட்டார்ஹோமில் கசிவு தேடிய அனுபவம்

பழைய டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்கப் போகிறவர்கள் எத்தனை மைல் ஓடியது என்று கேட்கிறார்கள், டயரின் தேதியைப் பார்க்கிறார்கள், கூரையில் ஏறித் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் அழுத்தக் காற்றால் இயக்கும் ஏர் சிஸ்டத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. நாங்கள் இருப்பது டெக்சாஸில். குடும்பத்தோடு ஊர் சுற்ற வாங்கிய வண்டி 40 அடி நீளம், 2005 மாடல், எஞ்சின் பின்னால். இத்தனை வருடம் ஓட்டியதில் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது எஞ்சினோ கியர்பாக்ஸோ இல்லை, காற்றுதான். காற்று நிற்கவில்லை என்பதற்காகக் காற்றை அடித்து ஏற்றும் கம்ப்ரசர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கும். எங்கோ இருக்கிற சின்னக் கசிவு அதை ஓய்வில்லாமல் வேலை வாங்கும். கவனிக்காமல் விட்டால் கடைசியில் அதையும் சாப்பிட்டுவிடும்.

காற்று போகும் பாதையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்ப்ரசர் எஞ்சினோடு கியரால் இணைந்திருப்பதால் எஞ்சின் ஓடும்வரை அதுவும் சுற்றும். அதற்கு ஆயில் எஞ்சினிலிருந்தே வருகிறது, குளிர்விப்பதும் எஞ்சினின் கூலன்ட்தான். அது தள்ளும் சூடான காற்று ஏர் டிரையரில் ஈரத்தை விட்டுவிட்டு, வெட் டேங்க் எனப்படும் முதல் டேங்குக்குப் போகும். அங்கிருந்து காற்றைத் திரும்ப விடாத செக் வால்வுகளைத் தாண்டி பிரேக்குக்கான இரண்டு டேங்குகள். அப்புறம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் ரப்பர் ஏர் பேக், டிரைவர் சீட், ஹார்ன், படிக்கட்டு மூடி என்று கிளைகள். அழுத்தம் 120, 125 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) தொட்டதும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற வால்வு கம்ப்ரசரைச் சும்மா சுற்ற விட்டுவிடும். அதே நொடியில் டிரையர் 'புஸ்' என்று ஊதி, சேர்ந்த ஈரத்தை வெளியே தள்ளும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம். சுமார் 100-க்கு இறங்கினால் கவர்னர் கம்ப்ரசரை மறுபடி வேலைக்கு இழுக்கும்.

வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே தொந்தரவு தொடங்கியது. இரவு முழு அழுத்தத்தில் நிறுத்திவிட்டுப் போனால் காலையில் டேஷ்போர்டில் அழுத்தம் காட்டும் இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் கிடக்கும், வலது பின்பக்கம் டயர் மேல் உட்கார்ந்திருக்கும். ஓடும்போதும் டிரையர் அடிக்கடி ஊதிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "கம்ப்ரசர் போச்சு, மாத்திடலாம்" என்று ஆயிரக்கணக்கான டாலருக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் கம்ப்ரசர் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு கைக்கடிகாரம் போதும். லாரி ஓட்டுநர் உரிமத்துக்காக ஒவ்வொரு மாநிலமும் இலவசமாகத் தரும் கையேட்டில் ஏர் பிரேக்குக்குத் தனி அத்தியாயம் உண்டு. பிரேக்குக்கு இரண்டு தனிச் சர்க்யூட் உள்ள இரட்டை ஏர் சிஸ்டத்தில், எஞ்சின் ஓட்ட வேகத்தில் சுற்றும்போது, அழுத்தம் 85-லிருந்து 100-க்கு 45 நொடிக்குள் ஏற வேண்டும் என்று அதில் இருக்கிறது. என் வண்டி அதற்குள் தாராளமாக ஏறியது. அப்படியென்றால் கம்ப்ரசர் அடிக்கிற காற்று போதும், அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

அதே கையேடு கசிவுக்கும் அளவு சொல்கிறது. டயர்களுக்குக் கட்டை போட்டு, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்தால், பின்னால் டிரெய்லர் இழுக்காத தனி வண்டியில் நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இறங்கக்கூடாது. பிரேக் பெடலை மிதித்துப் பிடித்தால் 3. இது சாலைப் பாதுகாப்புக்கான எல்லை. அதை வைத்துக்கொண்டு நிம்மதியடைய முடியாது. நிமிடத்துக்கு 2 வீதம் இறங்கினால் 120 பி.எஸ்.ஐ. ஒரு மணி நேரத்தில் காலி. சோதனையில் பாஸாகிற வண்டியும் காலையில் காற்றில்லாமல் கிடப்பது இதனால்தான்.

தேடலில் மிகவும் உதவியது முட்களைப் பொறுமையாகப் பார்த்ததுதான். ஒரு முள் மட்டும் வேகமாக இறங்கினால் கசிவு அந்தச் சர்க்யூட்டில். அழுத்தம் 70 பி.எஸ்.ஐ. சுற்றுவட்டாரத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டால் கசிவு சீட், ஹார்ன் மாதிரியான துணைப் பொருட்களில் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கிளைக்கு முன்னால் இருக்கும் பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு, பிரேக்குக்கான காற்றைக் காப்பாற்ற வழியை மூடிவிடும். எந்த அளவில் மூடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் கேட்டால் சக்கரத்தின் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் தகடு, அதற்குப் போகும் ஹோஸ், பெடலோடு இருக்கும் ஃபுட் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. டேஷ்போர்டில் தெரிவது பிரேக் டேங்குகளின் அழுத்தம், வெட் டேங்கின் அழுத்தம் இல்லை. வெட் டேங்க் கசிந்தால் செக் வால்வுகள் மூடிக்கொள்ளும், முட்கள் அசையாது. ஆனால் எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் அடிக்கொரு தரம் வேலைக்கு வரும், டிரையர் ஊதிக்கொண்டே இருக்கும். முள் நிற்கிறது, டிரையர் ஓயவில்லை என்றால் டிரையர், கவர்னர், வெட் டேங்க் ஆகிய மூன்றைத்தான் பார்க்க வேண்டும். (ஹைட்ராலிக் ஜாக் உள்ள பல வண்டிகளில் முகாமில் நிறுத்தி லெவல் செய்யும்போது ஏர் பேக்கின் காற்றைத் தானாகவே வெளியே விட்டுவிடும். அப்படி வண்டி தாழ்வதைக் கசிவு என்று நினைத்துத் தேட வேண்டாம்.)

எஞ்சின் ஓடும்போது அந்த இரைச்சலில் எதுவும் காதில் விழாது. வீட்டில் இருக்கும் சாதாரண ஏர் கம்ப்ரசரை வெட் டேங்கோடு இணைத்து 100 பி.எஸ்.ஐ.-க்கு மேல் வைத்துக்கொண்டால் வண்டி அமைதியாக இருக்கும், காற்றும் குறையாது, நாள் முழுக்கத் தேடலாம். சில வண்டிகளில் இதற்கென்றே முன்பக்கம் ஒரு ஃபிட்டிங் இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் போதும்.

ஆனால் அடியில் போகும் முன் ஒன்று. காற்றையோ ஹைட்ராலிக் ஜாக்கையோ நம்பி இந்த வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஏர் பேக்கில் காற்று போய்விட்டால் சேசிஸ் சில நொடியில் இறங்கும், ஆள் படுத்திருக்க இடமிருக்காது. இப்படி உயிர் போயிருக்கிறது. எடைக்கு ஏற்ற ஜாக் ஸ்டாண்டை ஃபிரேமுக்குக் கீழே வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். பின் சக்கரத்தின் ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும், அதைப் பிரிக்க நினைக்கவே வேண்டாம். எந்த டியூப்பைக் கழற்றுவதென்றாலும் முதலில் டேங்குகளைக் காலி செய்யுங்கள்.

வலது பின்பக்கம் உட்கார்ந்ததற்குக் காரணம் ரைடு ஹைட் வால்வு. அச்சோடு ஒரு சின்னக் கம்பியால் இணைந்து, வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைப்பது அது. அதன் எக்ஸாஸ்ட் துளையில் சோப்பு அடித்ததும் நுரை மெதுவாகப் பூத்து வந்தது. உள்ளே சீல் தேய்ந்துவிட்டது, மாற்றினேன். பெரிய கசிவு பின் அச்சுக்கு மேலே, பிரேக் டேங்கிலிருந்து போகும் பச்சை நைலான் டியூப்பில் இருந்தது. அழுத்திச் சொருகும் வகை ஃபிட்டிங். சோப்பு பட்டதும் கொப்புளமாக வராமல், வெள்ளை நுரை பொங்கி ஃபிட்டிங்கையே மூடியது. டியூப்பை வெளியே எடுத்துப் பார்த்தால், முன்பு யாரோ அதைக் கத்தியால் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் இடத்தில் நகக்கண் மாட்டும் அளவுக்கு நீளவாக்கில் ஒரு கீறல். குளிரில் ஓ-ரிங் கொஞ்சம் இறுகும்போது அந்தக் கீறல் வழியாகக் காற்று போயிருக்கிறது. வெயில் ஏறியதும் கசிவு குறைந்ததற்கும் அதுதான் காரணம். டியூப் கட்டரால் ஓர் அங்குலம் நேராக வெட்டி, புது ஃபிட்டிங்கில் முழு ஆழத்துக்குச் சொருகினேன். வேலை முடிந்தது. ஏர் பிரேக்குக்கென்று டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரை உள்ள ஃபிட்டிங்கையே வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் பட்டறைக் காற்றுக் குழாய்க்கு விற்கும் ஃபிட்டிங் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இதற்கு ஆகாது.

டிரைவர் சீட்டுக்கு அடியிலும் ஒரு சின்னக் கசிவு இருந்தது. வால்வை இறுக்கியதும் நின்றது.

டிரையர் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். இந்த வண்டிகளில் பரவலாக இருப்பது பெண்டிக்ஸ் ஏ.டி.-9 வகை. அடியில் ஈரத்தை வெளியே ஊதும் பர்ஜ் துளையில் எப்போது காற்று வருகிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்ரசர் காற்று ஏற்றும்போதே அங்கே ஊதினால் பர்ஜ் வால்வு சரியாக மூடவில்லை. ஒரு துரும்போ ஆயில் பிசுக்கோ கூடக் காரணமாகலாம். கவர்னர் கம்ப்ரசரைச் சும்மா சுற்ற விட்ட பிறகு ஊதல் நிற்காமல் தொடர்ந்தால், டேங்குக் காற்று திரும்பி வராமல் தடுக்க வேண்டிய டிரையரின் செக் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு இரண்டாவது. டிரையரில் ஈரத்தை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜையும் சேர்த்தே மாற்றினேன். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கார்ட்ரிட்ஜை மாற்றுவது நல்லது. குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் டிரையரின் ஹீட்டர் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பர்ஜ் வால்வு திறந்தபடியே உறைந்துவிட்டால் காற்றே ஏறாது.

இதெல்லாம் சரியான பிறகுதான் கம்ப்ரசரைப் பற்றிப் பேச வேண்டும். வெட் டேங்க் வடிகாலைத் திறந்து வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். லேசான ஆயில் கறை இருந்தால் கவலையில்லை. ஆயிலும் தண்ணீரும் கலந்து மோர் மாதிரி வந்தால் டிரையர் சோர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆயிலாகவே ஒழுகினால் கம்ப்ரசர் ஆயில் தள்ளுகிறது. அப்போதும் நேராகக் கம்ப்ரசரைக் கழற்ற வேண்டாம். கசிவால் இடைவிடாமல் காற்று ஏற்றும் கம்ப்ரசரின் தலை சூடாகி, அதிலிருந்து டிரையருக்குப் போகும் டிஸ்சார்ஜ் லைனுக்குள் கரி படிகிறது. பாதை குறுகக் குறுக இன்னும் சூடு, இன்னும் ஆயில். அந்த லைனைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். கரி இருந்தால் லைனையும் மாற்றியாக வேண்டும். புதுக் கம்ப்ரசரைப் பழைய லைனில் மாட்டினால் அதற்கும் அதே கதிதான். அழுத்தம் 125-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போய், 150-ல் டேங்கின் சேஃப்டி வால்வு திறந்துகொண்டால் முதலில் கவர்னரைப் பார்க்க வேண்டும். இரண்டு போல்ட்டில் நிற்கும் மலிவான பொருள் அது.

உதிரிப் பாகங்களை மோட்டார்ஹோம் கடைகளில் தேட வேண்டாம். வால்வு, கவர்னர், டிரையர் எல்லாம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் உள்ளவையே. லாரி உதிரிப் பாகக் கடையில் பழைய பாகத்தின் எண்ணைக் காட்டினால் எடுத்துத் தருவார்கள், விலையும் குறைவு.

இப்போது வாரக்கணக்கில் நிறுத்திவைத்தாலும் முட்கள் பூஜ்யத்துக்குப் போவதில்லை. மாற்றச் சொன்ன அதே கம்ப்ரசர்தான் இன்னும் ஓடுகிறது. ராக்கி மலைகளில் நீண்ட இறக்கங்களில் அதை நம்பித்தான் இறங்குகிறோம். மிச்சம் இருப்பது இடது பின்பக்கத்தில் ஒரு மெல்லிய கசிவு. ஃபிட்டிங்கிலும் வால்வுகளிலும் சோப்பு அடித்தால் ஒன்றுமில்லை. ஏர் பேக்கின் அடிமடிப்பில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. ரப்பருக்கு வயதாகிவிட்டது. ஷாக் அப்சார்பர் மாற்றும்போது பின்பக்க ஏர் பேக் நான்கையும் சேர்த்து மாற்றப் போகிறேன்.