ரீஸ்டோர் செய்த 1966 ப்ரிசிஷன் பேஸ்: பணம் கொடுப்பதற்கு முன் பிக்கார்டைக் கழற்றச் சொல்லுங்கள்

பழைய ஃபெண்டர் பேஸ் கிட்டார் தேடுகிறவர்கள் கவனத்துக்கு. "1966 ப்ரிசிஷன் பேஸ், பிக்கப் முதல் ஸ்க்ரூ வரை எல்லாம் அந்தக் காலத்துப் பாகம்" என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றின் பிக்கார்டை (உடலின் முன்பக்கத்தை மூடும் தகடு) கழற்றிப் பார்த்ததில் உள்ளே இருந்தவை வேறு. விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். எப்படி ஏமாற்றினார் என்று தெரிந்தால் இதே வேலையை வேறு யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

விளம்பரப் படத்தில் வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) பின்பக்கம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: 1376615. 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு, 66 வருடம், 15 வாரம். அது சரியான பாட்தான். டோன் பாட் ஒயருக்குப் பின்னால் மறைந்திருந்தது. கழற்றினால் 1378522, அதாவது 1985-இன் 22-ஆவது வாரம். இரண்டு பாட்டின் எண்ணையும் தனித்தனிப் படமாகக் கேளுங்கள். நெக் பிளேட்டில் (கழுத்தை உடலோடு இணைக்கும் தகடு) உள்ள சீரியல் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் அந்தத் தகடு எந்த பேஸுக்கும் மாறிவிடும்.

பெரிய மோசடி பிக்கப்பில்தான், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகத்தில். ப்ரிசிஷன் பிக்கப் இரண்டு பாதி. ஒவ்வொன்றிலும் 42 கேஜ் (தடிமன் அளவு) செம்புக் கம்பி சுமார் 10,000 சுற்று. இரண்டையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) சேர்த்து ரெசிஸ்டன்ஸ் அளந்தால் பொதுவாக 10 முதல் 11 கிலோ ஓம் வரை வரும். இதில் ஒரு பாதி 5.3, மற்றது 6.1. பழைய பிக்கப்பில் வித்தியாசம் இருக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. காட்டிக்கொடுத்தது கம்பி. அந்த வருடத்து பிளெயின் எனாமல் கம்பி கரும்பழுப்பாக இருக்கும், பூச்சைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. இங்கே ஒரு பாதியில் இருந்தது செம்பு நிறத்தில் பளபளத்தது. சால்டரிங் அயர்ன் பட்டதுமே பூச்சு உருகி ஈயம் பிடித்தது. அது இன்றைய பாலியூரித்தேன் கம்பி. சாம்பல் நிறக் கீழ்த்தட்டும் காந்தங்களும் அசல், காயில் (சுற்றிய கம்பி) புதிது.

ரீவைண்ட் செய்வது, அதாவது கம்பியைப் புதிதாகச் சுற்றுவது, தப்பே இல்லை. ஃபெண்டர் காந்தத்தின் மேலேயே கம்பியைச் சுற்றியது, நடுவில் வெறும் லாக்கர் பூச்சுதான். ஈரப்பதத்தில் காந்தம் துருப்பிடித்து உள்சுற்றை அரித்துவிடும். ஆனால் சொல்லாமல் செய்து, அசல் பிக்கப்பின் விலையை வாங்கியது அநியாயம். அதிலும், கம்பி பல நேரம் அறுவது ஓரத்து ஐலெட் (ஒயரைப் பற்றவைக்கும் சிறு உலோகத் துளை) பக்கம்தான். அங்கே அறுந்திருந்தால் வெளிச்சுற்றிலிருந்து ஒன்றிரண்டைப் பிரித்து மறுபடி பற்றவைத்தாலே போதும்.

போதாததற்கு, புதுக் காயிலைத் திசை மாற்றிச் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு பாதியும் ஒன்றின் ஹம்மை (மின் இரைச்சலை) மற்றது அடிக்க வேண்டியது போய், ஹம் கூடுகிறது. நோட்டு கேட்கும்போது தெரியாது, ஏனென்றால் இந்த பிக்கப்பில் ஒவ்வொரு பாதியும் வேறு வேறு ஸ்ட்ரிங்கைப் பிடிக்கிறது. வால்யூமை முழுதாக ஏற்றி, வாசிக்காமல் கேட்டால்தான் தெரியும். அந்தக் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

மீட்டர் வைக்கும்போது ஒரு விஷயம். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 10.5 காட்டும் பிக்கப் சென்னையின் 33 டிகிரியில் 11 காட்டும். கேபிள் செருகும் ஜாக் வழியாக அளந்தாலோ 250 கிலோ ஓம் பாட் குறுக்கே இருப்பதால் சற்றுக் குறையும். எனவே ஒயரைப் பிரித்து, வெப்பநிலையும் குறித்துக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

கெபாசிட்டர் 0.05 மைக்ரோஃபாரட் செராமிக்குக்குப் பதில் புது 0.047 ஃபிலிம். சத்தத்தில் ஒன்றும் கெடாது, விலையில்தான் ஏமாற்று. துணி சுற்றிய ஒயர் இப்போதும் புதிதாகக் கிடைக்கிறது, அதைச் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

பெயிண்ட்டையும் பாருங்கள். 1966-இல் மேல்பூச்சு லாக்கர். பிக்கார்டுக்கு அடியில் மறைவான இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்தால் அது இளகும். இந்த பேஸில் இளகவே இல்லை. அடியில் இருக்கும் சீலர் பூச்சு அசல் கிட்டாரிலும் இளகாது, அதனால் மேல்பூச்சில் மட்டுமே சோதியுங்கள்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "ரீஸ்டோர் என்றால் புதுப் பாகம் போடத்தானே வேண்டும்" என்று பதில் வந்தது. எது அசல், எது மாற்றியது என்று பாகவாரியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும், பழுதாகியிருந்தாலும், ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.