‘உங்கள் முடிக்கென்றே தயாரித்த ஷாம்பூ’: ஓராண்டு ஷாம்பூப் பணம் போனது, நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற கடைசி மின்னஞ்சல் நேற்று இரவுதான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தலைமுடியின் தன்மைக்கு ஏற்ற ஷாம்பூவும் கண்டிஷனரும் குறைந்த செலவில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், எங்கேயும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு வருடம் முழுவதும் ஷாம்பூவுக்கு ஆகும் பணம் ஒரே ஆர்டரில் போய்விட்டது. எந்த முடிக்கு எதை வாங்கலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. வகையைச் சொன்னாலே போதும். கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்லி, நம் பதில்களை வைத்து நமக்கென்றே தனியாக ஷாம்பூ கலந்து தருவதாக விளம்பரம் செய்யும் இணையக் கடை. பாட்டிலில் நம் பெயரையே அச்சிட்டு அனுப்புவார்கள். ‘ஒத்துவராத பாட்டில்களை வாங்கி வாங்கி வீணாக்குவதைவிட, சரியானதை ஒரே முறை வாங்குவதுதான் சிக்கனம்’ என்பது அவர்கள் வாசகம். குளியலறை அலமாரியில் பாதி தீர்ந்த பாட்டில்கள் வரிசையாக நிற்கும் எந்த வீட்டையும் இந்த வாசகம் இழுத்துவிடும். எங்கள் வீட்டையும் இழுத்தது.

எனக்கு மெல்லிய முடி. காலையில் தலைக்குக் குளித்தால் மறுநாளே உச்சந்தலையில் எண்ணெய் வழியும். என் தங்கைக்கு நேர்மாறு: அடர்ந்த சுருள் முடி, சாயம் போட்டது, நுனியெல்லாம் வறண்டு வெடித்திருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தால் தள்ளுபடி என்றார்கள். இருவரும் தனித்தனியாகக் கேள்வித்தாளை நிரப்பினோம். முடி தடிப்பா மெல்லியதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை அலசுகிறீர்கள், சாயம் உண்டா, பொடுகு உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். நிரப்பி முடித்ததும் அரட்டைப் பெட்டியில் ‘கூந்தல் ஆலோசகர்’ என்று ஒரு பெண் வந்தார்.

அவர் பேசிய விதத்தை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. அவ்வளவு பொறுமை. முதலில் மேடம் என்றார், கொஞ்ச நேரத்தில் அக்கா என்றார். இதுவரை என்னென்ன போட்டுப் பார்த்தேன், எது அரித்தது, எது பிசுபிசுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, ‘அக்கா, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, உதிர்ந்த முடி ஒன்றைப் போட்டுப் படம் அனுப்புங்கள்’ என்றார். அனுப்பினேன். என் முடி மெதுவாக மூழ்கியது. ‘பார்த்தீர்களா அக்கா, உங்கள் முடியில் நுண்துளைகள் திறந்து கிடக்கின்றன. அதற்குப் புரதம் வேண்டும்’ என்றார். தங்கையின் முடி மிதந்தது. ‘தங்கையுடையது இறுக மூடியிருக்கிறது. ஈரப்பதமே உள்ளே இறங்காது. இரண்டுக்கும் ஒரே கலவை கொடுத்தால் இரண்டு பேருக்குமே கெடுதல்’ என்றார். எந்தக் கடையில் இப்படி உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்கள் என்று என் தங்கையே வியந்தாள். அன்றைக்கே பணம் கட்டினோம். ஓராண்டு ஷாம்பூப் பணம்.

இப்போது அந்தத் தம்ளர் சோதனையைப் பற்றிச் சொல்கிறேன், இதை வேறு இடங்களிலும் செய்யச் சொல்வார்கள். முடி மிதப்பதும் மூழ்குவதும் அதன்மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா, நீரின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தாங்குகிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. ஒரே தலையில் அலசிய முடி மூழ்கும், எண்ணெய் தடவிய முடி மிதக்கும். என் முடி அன்று காலை அலசியது. தங்கை முடியைப் பளபளப்பாக்கும் எண்ணெய்ப்பசையுள்ள சீரம் தடவியிருந்தாள். நடந்தது அவ்வளவுதான். நிரந்தரச் சாயம் முடியின் மேல்செதில்களைத் தூக்கித் திறந்துவிடும். அதனால் சாயம் போட்ட முடிதான் நீரை அதிகமாக உறிஞ்சும். தங்கை சாயம் போட்டவள் என்று கேள்வித்தாளிலேயே எழுதியிருக்கிறோம். அதைப் படித்திருந்தால் அந்தப் பெண் ‘இறுக மூடியிருக்கிறது’ என்று சொல்லியிருக்க முடியாது. படிக்கவே இல்லை.

நான்கு பாட்டில்கள் வந்தன. இரண்டு ஷாம்பூ, இரண்டு கண்டிஷனர். என் பெயர் பச்சை ஸ்டிக்கரில், தங்கை பெயர் ஊதா ஸ்டிக்கரில். கண்டிஷனரை வேரிலிருந்தே தேய்க்க வேண்டும் என்று ஒரு அட்டையும் உள்ளே இருந்தது. அதன்படியே செய்தோம். சாயங்காலத்துக்குள் என் முடி தலையோடு படிந்து ஒட்டிக்கொண்டது. தங்கைக்கு ஒவ்வொரு அலசலிலும் சாயம் கரைந்து ஓடியது, சுருள்கள் நார் நாராகப் பிரிந்து நின்றன. சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தோம். பிறகுதான் பாட்டில்களைப் பின்பக்கம் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

இரண்டு ஷாம்பூவிலும் ஒரே பட்டியல். ஒரே பொருள்கள், ஒரே வரிசை, எழுத்துக்கு எழுத்து. கண்டிஷனர்களும் அப்படியே.

அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று அன்றிரவே தேடித் தெரிந்துகொண்டேன். பல நாடுகளின் விதிப்படி, எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்கும் குறைவான பொருள்களை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். எங்கள் பாட்டிலில் முதலில் தண்ணீர், அடுத்து சோடியம் ஓலிஃபின் சல்ஃபோனேட், பிறகு கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், பிறகு உப்பு. சல்பேட் என்பது பல ஷாம்பூக்களில் நுரை வரவும் எண்ணெய் போகவும் சேர்க்கும் பொருள். முன்பக்கத்தில் ‘சல்பேட் இல்லாதது’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சட்டப்படி அது பொய்யில்லை, சல்ஃபோனேட் வேறு, சல்பேட் வேறு. ஆனால் அதுவும் அழுக்கையும் எண்ணெயையும் வலுவாக உரிக்கும் சோப்புப் பொருள்தான். எண்ணெய் வழியும் தலைக்கு அது தப்பில்லை. மலிவான சாதாரண ஷாம்பூக்களிலும் அது இருக்கிறது. சாயம் போட்ட வறண்ட சுருள் முடிக்கு, மென்மையான கலவை என்று சொல்லி, அதையே ஊற்றிக் கொடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கூடுதலாகப் பணம் வாங்கிய கெரட்டின் என்ற முடிப் புரதமும் ஆர்கன் எண்ணெயும் எங்கே என்று தேடினேன். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்திக்கும் பின்னால் இருந்தன. ஐரோப்பிய விதிகள் அந்தப் பதப்படுத்தியை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க விடுவதில்லை. அதற்கும் பின்னால் எழுதப்பட்ட கெரட்டின் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கண்டிஷனரில் சீட்டோஸ்டியரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, டைமெதிகோன், ஷியா வெண்ணெய். நல்ல பொருள்கள்தான், குறை சொல்லவில்லை. சேதமான முடியில் எதிர்மின்னூட்டம் அதிகம். பெஹென்ட்ரைமோனியம் போன்றவை நேர்மின்னூட்டம் உள்ளவை என்பதால் முடியில் போய் ஒட்டி, செதில்களைப் படிய வைத்து, சிக்கு விழாமல் காக்கின்றன. விலை குறைந்த கண்டிஷனரும் இதே வேலையை இதே முறையில்தான் செய்கிறது. டைமெதிகோன் ஒரு சிலிகோன், ஷியா வெண்ணெய் ஒரு கொழுப்பு, இரண்டும் முடிமேல் படலமாகப் படியும். அவற்றை மெல்லிய, எண்ணெய் வழியும் தலையின் வேரில் தேய்க்கச் சொன்னதுதான் அநியாயம். என் தலை ஏன் பிசுபிசுத்தது என்று அவர்களுக்குத் தெரியாதா?

புகார் எழுதினேன். முதல் பதில்: ‘முடியிலிருந்து நச்சுகள் வெளியேறும் காலம் இது, பொறுத்திருங்கள்.’ தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்றது, அதிலிருந்து எந்த நச்சு எங்கே வெளியேறும்? இரண்டாவது பதில்: அளவு போதவில்லை, இன்னும் அதிகமாகப் பயன்படுத்துங்கள். மூன்றாவது: படம் அனுப்புங்கள். அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். எடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை. அரட்டைப் பெட்டியைத் திறந்தால் வேறொரு பெயர். முன்பு பேசிய பெண்ணைக் கேட்டேன். ‘அவர் தற்போது இந்தப் பிரிவில் இல்லை’ என்று வந்தது. அக்கா என்று கூப்பிட்ட இடத்தில் ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ என்று ஒவ்வொரு பதிலும் தொடங்கியது.

இரண்டு பட்டியலும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று நேரடியாகக் கேட்டேன். ‘பொருள்களின் விகிதம் மாறுபடும், அது எங்கள் வணிக ரகசியம்’ என்றார்கள். சரி, விகிதம் கொஞ்சம் மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எண்ணெய்த் தலைக்கும் வறண்ட சுருள் முடிக்கும் அதே பொருள்கள் அதே வரிசையில் என்றால், அத்தனை கேள்விகள் எதற்கு? அந்தத் தம்ளர் எதற்கு? இதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

‘பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டவர்கள், இப்போது ‘தனிப்பட்ட முறையில் தயாரித்த பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்கிறார்கள். அது மட்டுமா, திறந்த பாட்டிலைச் சுகாதாரக் காரணத்தால் வாங்க மாட்டார்களாம். திறக்காமல் எப்படித் தலைக்குத் தேய்ப்பது? வேண்டுமானால் ஒரு முறை மறுகலவை செய்து தருகிறோம், அனுப்பும் செலவு உங்களுடையது என்று சலுகை வேறு. ஓராண்டு ஷாம்பூப் பணத்தை வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்கிறார்கள். தளத்தில் விமர்சனம் எழுதினேன், ‘பரிசீலனையில்’ என்று காட்டுகிறது. அதற்கு மேலும் கீழும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் மட்டும் தினமும் புதிதாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

எந்த முடிக்கு எது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். ஷாம்பூவைத் தலைத்தோலைப் பார்த்து வாங்குங்கள், கண்டிஷனரை நுனிமுடியைப் பார்த்து வாங்குங்கள். தலையில் எண்ணெயும் நுனியில் வறட்சியும் இருந்தால் இரண்டும் ஒரே வரிசைப் பொருளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மெல்லிய முடிக்காரர்கள் கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் தடவுங்கள். சுருள் முடி, சாயம் போட்ட முடி என்றால் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், கோகோ குளுக்கோசைடு போன்ற மென்மையான சோப்புப் பொருள்கள் பட்டியலின் தொடக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயப்படாதீர்கள், அது முடியை உலர்த்தாது, மிருதுவாக்கும். பொடுகும் அரிப்பும் இருந்தால் வாசனை ஷாம்பூவில் பணத்தைக் கொட்டாமல் கீட்டோகோனசோல் போன்ற மருந்து ஷாம்பூவைச் சில நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள், அதிலும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். புதிய எதையும் மிகச் சிறிய அளவில் மட்டும் வாங்குங்கள். திருப்பித் தரும் விதியைப் பணம் கட்டுவதற்கு முன்பே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அந்தப் பக்கமே மாறிவிடுகிறது.

இன்னொன்று. இன்று காலை ‘உங்கள் அடுத்த மறுநிரப்பு தயாராகிறது’ என்று செய்தி வந்திருக்கிறது. நாங்கள் சந்தா எதிலும் சேரவில்லை. தள்ளுபடிப் பெட்டியை டிக் செய்தபோதே சந்தாவிலும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். இதே மாதிரிக் கடையில் கார்டு விவரம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், இப்போதே உங்கள் கணக்கில் போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். ரத்து செய்யும் பொத்தான் கிடைக்கவில்லை என்றால் வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கடைக்குப் பணம் போகாமல் தடுக்கச் சொல்லுங்கள். நான் காலையிலேயே கூப்பிட்டுவிட்டேன்.