மிலானா, நேப்பிள்ஸா?

இத்தாலிப் பயணத்தில் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றுக்கும் நாள் ஒதுக்கியாகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கிறது. வடக்கே மிலானுக்குப் போவதா, தெற்கே நேப்பிள்ஸுக்குப் போவதா என்ற கேள்வி அப்போதுதான் வரும். யாரைக் கேட்டாலும் இரண்டு ஊருக்கும் வசவுதான் கிடைக்கும். மிலானில் பார்க்க ஒன்றுமில்லை என்பார் ஒருவர். நேப்பிள்ஸ் பக்கமே போகாதே, குப்பையும் திருட்டும்தான் என்பார் இன்னொருவர். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிலானுக்கு ஒரு நாள் போதும். நேப்பிள்ஸுக்கு மூன்று நாள் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். ஏதாவது ஒன்றுதான் முடியும் என்றால் நேப்பிள்ஸ்.

மிலானில் பார்க்க ஒன்றுமில்லை என்பது தவறு. துவோமோ பேராலயம் ஒன்றுக்காகவே அங்கே இறங்கலாம். 1386-இல் தொடங்கிய வேலை; கடைசி வாசல் கதவு பொருத்தப்பட்டது 1965-இல். உள்ளே சுற்றுவதைவிடக் கூரைமேல் நடப்பதுதான் விசேஷம். லிஃப்டிலோ படியிலோ ஏறிப் போய்விட்டால், கீழிருந்து கூர்முனைக் காடாகத் தெரிந்தவற்றுக்கு நடுவே நீங்கள் நிற்பீர்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு புனிதரின் சிலை. தெருவிலிருந்து யாருமே பார்க்க முடியாத இடத்தில்கூட இலையும் பூவும் செதுக்கியிருக்கிறார்கள். வெளிர் ரோஜா நிறம் ஓடும் அந்தப் பளிங்கு கந்தோலியா மலையில் வெட்டப்பட்டு, ஏரி வழியாகவும் கால்வாய் வழியாகவும் படகில் வந்தது. இன்று மாலையானால் கூட்டம் நிரம்பி வழியும் நவிலி பகுதி அந்தப் பழைய கால்வாய்களின் மிச்சம்தான்.

அடுத்தது லியோனார்டோவின் ‘கடைசி விருந்து’. ஈரச் சுண்ணத்தில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்ததால், சில பத்தாண்டுகளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிய ஓவியம் அது. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து அது இருக்கும் மடத்து உணவுக்கூடம் இடிந்தபோதும், ஓவியம் இருந்த சுவர் விழாமல் நின்றது. பார்ப்பதற்கு 15 நிமிடம்தான் தருவார்கள், அதுவும் சிறு குழுவாக. டிக்கெட் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். அந்த டிக்கெட் கையில் இருந்தால் மிலானை விடாதீர்கள். இல்லையென்றால் தராசில் மிலானின் தட்டு பாதி எடை இழந்துவிடுகிறது.

அதன் பிறகு என்ன? ஸ்ஃபோர்சா கோட்டையில் மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்டுப்போன கடைசிச் சிற்பம் இருக்கிறது. பிரேரா ஓவியக்கூடம் இருக்கிறது. விலை கேட்கவே தயக்கமாக இருக்கும் துணிக்கடைகள் இருக்கின்றன. ஊர் சுத்தம், மெட்ரோ ஒழுங்கு. ஒரு மணி நேர ரயிலில் கோமோ ஏரிக்கரையின் வரென்னா வந்துவிடும். ஆனால் ஊரைவிட்டு வெளியே போவதுதான் ஊரின் பெரிய பெருமை என்றால், அங்கே எத்தனை இரவு தங்குவது?

நேப்பிள்ஸில் ஊரும் குறையாது, சுற்றுப்புறமும் குறையாது. தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு மட்டும் அரை நாள் வையுங்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த பொம்பெயி நகரில் எடுத்த நல்ல பொருட்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. முதலில் இதைப் பார்த்துவிட்டுப் பொம்பெயிக்குப் போனால், அங்கே வெறுஞ்சுவராக நிற்கும் வீடுகளை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும்.

இந்த அருங்காட்சியகத்தில் நம்மவர்கள் தவறவிடக்கூடாத ஒரு பொருள் உண்டு. ஒரு ஜாண் உயரத்துக்குச் சற்று அதிகமான தந்தச் சிலை, 1938-இல் பொம்பெயி வீடு ஒன்றில் கிடைத்தது, இந்தியாவில் செய்தது. கைநிறைய வளையல், காலில் கனத்த தண்டை, இடையில் அணி, இரண்டு பக்கமும் சிறு தோழியர். ‘பொம்பெயி லட்சுமி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சி என்று கருதும் அறிஞர்களும் உண்டு. யவனர்கள் முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்ற அதே நூற்றாண்டில், இந்தியச் சிற்பியின் கைவேலை ஒன்று இத்தாலிய வீட்டில் இருந்திருக்கிறது. அதன்முன் நிற்கும்போது வருகிற சிலிர்ப்பை எனக்கு மிலான் எங்கும் தரவில்லை.

அங்கிருந்து பழைய நகருக்குள் நடந்தால் சான்செவேரோ சிற்றாலயம். 1753-இல் ஜுசெப்பே சான்மார்தினோ செதுக்கிய ‘திரையிட்ட கிறிஸ்து’ இங்கே படுத்திருக்கிறார். ஒரே பளிங்குக் கல். மெல்லிய துணிக்கு அடியில் நெற்றி நரம்பு தெரிகிறது, ஆணித் தழும்பு தெரிகிறது. துணியையே ரசவாதத்தால் கல்லாக்கிவிட்டார்கள் என்று ஊரில் கதை கட்டியதில் வியப்பே இல்லை. படம் எடுக்க அனுமதி கிடையாது. அதனால் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். இதற்கும் முன்பதிவு அவசியம், ஆனால் ‘கடைசி விருந்து’ அளவுக்குப் போராட வேண்டாம்.

சாப்பாட்டில் நேப்பிள்ஸ் ஒரு படி மேல். மாரினாரா பீட்சாவில் பாலாடைக்கட்டியே இல்லை: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். சுத்த சைவக்காரர்கள் தயங்காமல் சாப்பிடலாம், விலையும் குறைவு. மிலானின் புகழ்பெற்ற குங்குமப்பூச் சோறான ரிசோட்டோவில் மாட்டு எலும்பு மஜ்ஜை சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, பயம்? சுவரெல்லாம் கிறுக்கல், சந்தெல்லாம் ஸ்கூட்டர், சில மூலைகளில் குப்பை. இதெல்லாம் உண்மை, மறைத்துச் சொல்ல மாட்டேன். நெரிசலும் ஹாரன் சத்தமும் சகிக்காதவர்கள், முதிய பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் மிலானில் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் ஜேப்படியை நேப்பிள்ஸுக்கு மட்டும் எழுதிவைப்பது நியாயமில்லை. மிலான் துவோமோ சதுக்கத்திலேயே மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்பவர்கள் உண்டு. மிலானின் பெரிய ரயில் நிலையத்திலும் பையை முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். நேப்பிள்ஸில் அதிகக் கவனம் தேவைப்படுவது பொம்பெயிக்குப் போகும் சர்க்கும்வெசுவியானா ரயிலில். பழைய ரயில், நெரிசல், கோடையில் புழுக்கம். சொரென்டோ செல்லும் வண்டியில் ஏறி, பொம்பெய் ஸ்காவி நிலையத்தில் இறங்குங்கள். ஊருக்குள் இருக்கும் இன்னொரு பொம்பெய் நிலையம் வேறு. வெயில் தாங்காதென்றால் பாதி வழியிலேயே இறங்கி, அதே வெடிப்பில் புதைந்த ஹெர்குலேனியம் பாருங்கள். சிறிய இடம், ஆனால் கருகிய மரக்கதவும் மாடி அறையும்கூட அப்படியே நிற்கின்றன.

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் ஒன்றேகால் மணி நேரத்துக்குள். மிலான் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆகவே வசதியான வழி, மிலானில் இறங்கி, ஒரு நாள் அங்கே கூரையேறிப் பார்த்துவிட்டு, மெல்லத் தெற்கே வந்து நேப்பிள்ஸில் முடித்து, ரோமிலிருந்து விமானம் ஏறுவது. கிழமையை மட்டும் கவனியுங்கள். ‘கடைசி விருந்து’ திங்கட்கிழமை கிடையாது. தொல்லியல் அருங்காட்சியகமும் சான்செவேரோவும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்; பொம்பெயியை அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.