டாட், பி.எல்.பி., வயர்லெஸ்: நடுக்கடலில் எது கை கொடுக்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்திலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகும் போட்டுகளில் சிக்கல் என்றால் முதலில் கை போவது வயர்லெஸ்ஸுக்குத்தான். அதில் தப்பே இல்லை. பக்கத்துப் போட்டுக்காரன் காதில் விழுந்துவிட்டால் அவன் வரும் வேகத்துக்கு எந்தக் கப்பலும் வராது. ஆனால் வயர்லெஸ் பேசும் வி.எச்.எஃப். ரேடியோ அலை நேர்கோட்டில் போவது. சுமார் இருபது கடல்மைல் தாண்டிவிட்டால் நிச்சயமில்லை. போட்டு கவிழ்ந்தால் கதை முடிந்தது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்தவர்களுக்கு வயர்லெஸ்ஸால் என்ன பயன்?

அப்புறம் இருப்பது இரண்டு. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும், போட்டில் வைக்கும் இஸ்ரோவின் டாட் (DAT) கருவி ஒன்று. உடம்போடு மாட்டிக்கொள்ளும் சின்ன அவசர சிக்னல் கருவியான பி.எல்.பி. (PLB) இன்னொன்று. டாட் நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழியாகவும், பி.எல்.பி. 406 மெகாஹெர்ட்ஸில் கோஸ்பாஸ்-சார்சாட் என்ற உலகளாவிய செயற்கைக்கோள் மீட்பு அமைப்பு வழியாகவும் சிக்னல் அனுப்பும். நம் கடலில் எதை அழுத்தினாலும் தகவல் போய்ச் சேரும் இடம் பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் ஆபத்து சிக்னல் மையம்தான். அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கு.

போட்டுக்கு ஒன்றுதான் என்றால் என் ஓட்டு டாட்டுக்கு, அதுவும் 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக்கு. பழையதில் பட்டனை அழுத்திவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். புதியதில் கரையிலிருந்து பதில் வரும். ப்ளூடூத்தில் போனோடு இணைத்து நம் மொழியிலேயே படிக்கலாம். யாரோ கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தவன் போட்டை விட்டு நீந்தக் கிளம்ப மாட்டான்.

ராத்திரி வலை இழுக்கும்போது ஒருத்தன் தவறி விழுந்தால்? டாட் போட்டில் இருக்கும், ஆள் தண்ணீரில் இருப்பான். இங்கே பி.எல்.பி.க்கு ஈடில்லை. சுருட்டி வைத்த ஆன்டெனாப் பட்டையை எடுத்து நிமிர்த்தி, பட்டனை அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னத் தொடங்கும். ஜி.பி.எஸ். பிடித்துவிட்டால் இருப்பிடம் சுமார் 100 மீட்டருக்குள் தெரியும். கிட்டே வந்த ஹெலிகாப்டர் 121.5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடித்து ஆளைத் தேடும். ஆன்டெனா தண்ணீருக்கு மேலே, வானம் பார்த்தே நிற்க வேண்டும். அலையில் அதைக் கையால் தூக்கிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. லைஃப் ஜாக்கெட்டின் தோளில் மாட்டுவதே சரி. இதில் பேச முடியாது. பேட்டரிக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் 24 மணி நேரம்தான். ஒக்கி மாதிரி என்றால் போதாது. லைஃப் ஜாக்கெட்டே போடாத ஆளுக்கு இதை வாங்கிக் கொடுப்பதும் வீண்.

சாட்டிலைட் போன்? அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் கேஸ். விடுங்கள்.

கடலை விட்டு, குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை, மாறாமலை பக்கம் காட்டுக்குள் போகிறவர்களுக்குப் போட்டியே இல்லை, பி.எல்.பி.தான். ஆனால் அடர்ந்த மரத்தடியில் அழுத்தாமல் வெட்டவெளிக்கு வர வேண்டும்.

பி.எல்.பி. வாங்கினால் பதிவு செய்யாமல் விடாதீர்கள். சிக்னல் வந்ததும் மையம் முதலில் கூப்பிடுவது அதில் கொடுத்திருக்கும் நம்பரைத்தான். கூடவே கடலுக்கு வருகிற அண்ணன் நம்பரைக் கொடுக்காமல், எந்த போட்டில், எந்தத் திசைக்குப் போனீர்கள் என்று சொல்லத் தெரிந்த, கரையில் இருக்கிற ஒருவரின் நம்பரைக் கொடுங்கள்.