பிரேக் பெடலோடு ஆறு ஆண்டுகள்

கணினியில் கார் பந்தயம் ஓட்டுவதற்காக மேசை விளிம்பில் ஸ்டீயரிங்கைப் பொருத்தி, காலடியில் பெடல்களை வைத்து முதன்முதலாக ஓட்டியபோது மூன்று வளைவுகளுக்குள் நான்கு முறை சுழன்று நின்றேன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அசெட்டோ கோர்சா, அதற்குப் பின் வந்த அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே, ஐரேசிங் ஆகிய மூன்று பந்தய விளையாட்டுகளில்தான் பெரும்பாலான இரவுகள் கழிந்தன. எதை வாங்கலாம் என்று சொல்லப்போவதில்லை. மூன்றிலும் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சில விஷயங்களில் எது நெடுநாள் கை கொடுத்தது, எது வீண் என்பதை மட்டும் சொல்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைத் தொடக்கத்திலேயே பிரேக்குக்குக் கொடுத்திருந்தால் எனக்கு இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

முதலில் தூக்கி எறிந்தது, சாலைமேல் வரைந்து காட்டப்படும் வழிகாட்டிக் கோடு. பச்சை என்றால் முடுக்கு, சிவப்பு என்றால் பிரேக். எட்டு மாதம் அந்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். கண் காரின் மூக்குக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டது. வளைவு எங்கே முடிகிறது என்று நிமிர்ந்து பார்க்கும் பழக்கமே வரவில்லை. கோட்டை அணைத்த வாரம் இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தின் முதல் வளைவில் திரும்பாமல் நேரே போன தடவைகளுக்குக் கணக்கில்லை. நீண்ட நேர்ச்சாலையின் முடிவில், உச்ச வேகத்தில் வந்து சேரும் இடம் அது. பிறகுதான் ஓரத்தில் நிற்கும் தூரப் பலகைகள் என் கண்ணில் பட்டன. அத்தனை மாதமும் அவை அங்கேயேதான் நின்றிருந்தன.

இனி பிரேக். மலிவான பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது. லோட் செல் பொருத்திய பெடல், கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதை அளக்கிறது. நம் உடம்பு தூரத்தைவிட அழுத்தத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். என் முதல் பெடல் ஒன்றரை ஆண்டில் பழுதாகி, தொடாமலே பிரேக் துடிக்கத் தொடங்கியது. நேர்ச்சாலையில் பின்விளக்கு மின்னி மின்னி எரிய, பின்னால் வந்தவர் என்னைக் குறும்புக்காரன் என்றே நினைத்திருப்பார். அதன் பிறகு லோட் செல்லுக்கு மாறினேன். இத்தனை ஆண்டுகளில் நான் செய்த மாற்றங்களில் மனம் வருந்தாதது அது ஒன்றுதான்.

டிரெயில் பிரேக்கிங் என்பதன் பொருளும் அதற்குப் பிறகே விளங்கியது. டயரின் பிடிப்பு ஒரே கையிருப்பு. பிரேக்குக்குச் செலவானது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. ஆகவே நேராகப் போகும்போது முழுப் பலத்தோடு மிதித்து, வளைவுக்குள் ஸ்டீயரிங் திரும்பத் திரும்பக் காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். காலைச் சட்டென்று எடுத்தால் முன் டயர்கள்மீது சாய்ந்திருந்த எடை பின்னால் போய்விடும். கார் திரும்ப மறுக்கும். அளவுக்கு மீறி அழுத்திக்கொண்டே திரும்பினால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். இறக்கை வைத்த பந்தயக் கார்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு: காரைத் தரையோடு சேர்த்து அழுத்துவது காற்று. வேகம் பாதியானால் அந்த அழுத்தம் கால்வாசியாகிவிடும். உச்ச வேகத்தில் தாங்கிய அதே மிதி, இரண்டு நொடி கழித்துச் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். இந்த ஒரு கால் அசைவைக் கற்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. இன்றும் களைப்பான நாளில் முதலில் கெடுவது இதுதான்.

உதவி வசதிகளை வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. நானும் சில காலம் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஆனால் உண்மையான ஜிடி3 வகைப் பந்தயக் கார்களிலேயே, பிரேக் மிதிக்கையில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் முடுக்கும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இருக்கின்றன; ஓட்டுநர் பந்தயத்தின் நடுவிலேயே அவற்றைக் கூட்டிக் குறைக்கிறார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அணைக்க வேண்டியது, கார் சறுக்கிச் சுழலாமல் தானே பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை. அது நம் தவறுகளைச் சத்தமில்லாமல் திருத்திவிடுவதால் தவறு நடந்ததே தெரியாமல் போகிறது.

ஸ்டீயரிங்கின் மோட்டார் கைக்குத் தரும் எதிர்விசையான ஃபோர்ஸ் ஃபீட்பேக் பற்றி எனக்கு ஒரு தவறான எண்ணம் நெடுநாள் இருந்தது: ஸ்டீயரிங் எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு நிஜம் என்று. விசையை நூறு சதவீதத்தில் வைத்துத் தோள்வலியோடு தூங்கப் போவேன். உண்மையில் மோட்டாரின் உச்ச வரம்பைத் தாண்டும் விசையெல்லாம் வெட்டுப்பட்டு ஒரே சமதளமாகிவிடுகிறது. செய்தி இருப்பதோ அந்த ஏற்ற இறக்கத்தில்தான். முன் டயர் பிடிப்பை இழக்கும்போது ஸ்டீயரிங் கனமாவதில்லை, கையில் லேசாகிறது. புதியவர் கார் திரும்பவில்லையே என்று இன்னும் அதிகமாகத் திருப்புவார். செய்ய வேண்டியது சற்றே நேராக்குவது. விசையை அறுபதுக்குக் குறைத்த பிறகு அந்த லேசாகும் கணம் எனக்குத் தெளிவாகக் கிடைத்தது. இருக்கையின் வழியே உடம்புக்கு எந்தத் தகவலும் வராத இந்த விளையாட்டில் உள்ளங்கைக்குக் கிடைப்பது அது ஒன்றுதான்.

காசு செலவில்லாத மாற்றம் ஒன்றும் உண்டு: திரை எவ்வளவு அகலமான காட்சியைக் காட்டுகிறது என்ற பார்வைக் கோணம். திரையின் அகலத்தையும் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தையும் வைத்துக் கணக்கிட்டு அமைத்தால் உலகம் திடீரென்று குறுகிவிடும். வேகமே இல்லாதது போலத் தோன்றும். இரண்டு நாள் வெறுத்தேன். மூன்றாம் நாள், வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் சரியாகச் சொல்லத் தொடங்கியது.

காரின் அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டயர் காற்றழுத்தம் ஓட ஓடச் சூட்டால் ஏறும் என்பதால் குளிர்ந்த நிலையில் குறைத்து வைக்க வேண்டும். வானிலை மாறினால் அதையும் மாற்ற வேண்டும். அது போதும். ஸ்பிரிங், டேம்பர், சக்கரச் சாய்வு என்று ஒரு மாதம் நோண்டி நான் சம்பாதித்தது ஒரு சுற்றுக்கு 0.2 நொடி. நன்றாகத் தூங்கி எழுந்து ஓட்டியதில் கிடைத்தது அரை நொடி.

ஆனால் தடங்களைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். ஜெர்மனியில் உள்ள நூர்பர்க்ரிங்கின் நார்ட்ஷ்லைஃபே தடம் 20.832 கிலோமீட்டர், 70-க்கும் மேற்பட்ட வளைவுகள். நிஜச் சாலையை லேசர் ஸ்கேன் செய்து உருவாக்கிய தடம் என்பதால் மேடும் ஒட்டுப்போட்ட இடமும் அப்படியே ஸ்டீயரிங்குக்கு வருகின்றன. மூன்று துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு இரண்டு மாதம் என்று கற்றேன். கருசெல் வளைவின் கான்கிரீட் குழிக்குள் கார் விழும்போது எழும் கடகடவென்ற அதிர்வில், எதிரே தேநீர்க் கோப்பை நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் கீழே விழுந்தது.

இணையப் பந்தயத்தில் ஐரேசிங்கின் விதி, மோதல் யார் தவறென்று பார்ப்பதில்லை. இருவர் கணக்கிலும் தண்டப் புள்ளி ஏறும். பாதுகாப்பு மதிப்பீடு அதைப் பொறுத்தது. முதலில் அநியாயமாகப் பட்டது. பிறகு, முதல் வளைவில் முட்டிமோதப் போகிறவரை முன்கூட்டியே அடையாளம் கண்டு வழிவிடக் கற்றுக்கொண்டேன். ஏழாவதாகத் தொடங்கிப் பத்தாவதாகச் சரிந்து, கடைசியில் ஐந்தாவதாக முடித்த பந்தயங்கள் பல உண்டு.

ஒரு சிக்கல் மட்டும் தீராமல் கிடந்தது. லோட் செல் பெடலைப் பலமாக மிதிக்கும்போதெல்லாம் சக்கரம் வைத்த என் நாற்காலி பின்னோக்கி உருண்டுவிடும். மோன்சாவின் முதல் வளைவுக்குள் நுழையும்போது நான் மேசையை விட்டு ஒரு சாண் தள்ளியிருப்பேன். கடைசியில் நாற்காலியின் பின் சக்கரங்களை ஒரு ஜோடி பழைய ஷூக்களுக்குள் இறக்கி வைத்தேன். இப்போது அசைவதில்லை. விருந்தினர் வந்தால் மட்டும் எடுத்து ஒளித்து வைக்கிறேன்.