நடையா, யோகாவா, தண்ணீர் பாட்டிலா?

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் எனக்கு முதன்முதலாக அது வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்க, என் நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடேறி, ஜாக்கெட் நனைந்துவிட்டது. மாதவிடாய் நிற்கும் காலம்! "நடந்தால் சரியாகிவிடும்" என்றார் மைனி (அண்ணி). யோகாதான் மருந்து என்றாள் தங்கை.

இருவரும் பாதிதான் சரி. வட அமெரிக்க மாதவிடாய் நிறைவுச் சங்கம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், இந்தச் சூட்டைத் தணிக்கும் வழிகளாக உடற்பயிற்சியும் யோகாவும் இல்லை; எடை குறைப்பது உண்டு. ஆகவே நடை, யோகா, நீச்சல், தண்ணீர் பாட்டில் தூக்குவது ஆகியவற்றுக்குள் போட்டி தூக்கம், மூட்டுப் பிடிப்பு, எலும்பு ஆகியவற்றில்தான்.

நடைக்குச் செலவில்லை, மனமும் லேசாகிறது. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். ஆனால் நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபரிலும் என் நடை முற்றத்தோடு நின்றுவிடுகிறது.

யோகா எனக்குத் தூக்கத்தைத் திருப்பித் தந்தது. சம்மணமிட முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நாற்காலியிலேயே செய்யலாம். எலும்பு மெலிந்தவர்கள் மட்டும் ஆழமாகக் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

குளத்து நீச்சல் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுகம். ஆனால் தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குச் சுமை கிடைப்பதில்லை.

என் ஓட்டு தண்ணீர் பாட்டிலுக்கு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. தசை இழுக்கும்போது எலும்புக்கு உறுதி காக்கும் தூண்டுதல் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பினால் ஒரு கிலோ. கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தோள்வரை பத்து முறை தூக்குங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். வாரம் இரண்டு நாள் போதும். பழகியபின் எடையைக் கூட்டுங்கள். மழை, வெயில், பஸ் எதுவும் தடையில்லை.

மாதவிடாய் ஓராண்டு நின்றபின் மறுபடி ரத்தம் பட்டால் மட்டும் பாட்டிலை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மைனி நடையை விடவில்லை. ஆனால் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் நாற்காலியில் பத்து முறை எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.